எழுதித் தராத மறுப்பு

(தலைமையாசிரியர்களுக்கான பயிற்சி வகுப்பில், வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் 'நிர்வாக நீதி: நியாயமும் அணுகலும்' என்று தலைப்பைப் போட்டிருக்கிறார்கள். தலைப்பைப் பார்த்துவிட்டு யாரோ வழக்கறிஞர் பேச வருகிறார் என்று நினைத்திருப்பீர்கள். நான் சட்டம் படித்தவன் இல்லை. வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, படிப்படியாக ஏறி, துணை ஆட்சியராக ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் கோப்பும் மனுவும், அந்த மனுவோடு வாசலில் நின்றவர்களும்தான்.

நீதி என்றால் நமக்குக் கறுப்பு அங்கியும் நீதிமன்றக் கூண்டும் நினைவுக்கு வரும். ஆனால் ஒரு சாதாரணக் குடும்பம் வாழ்நாளில் ஒருமுறைகூட நீதிமன்றப் படி ஏறாமல் இருந்துவிட முடியும். தாலுகா அலுவலகப் படி ஏறாமல் இருக்க முடியாது. குடும்ப அட்டை, முதியோர் உதவித்தொகை, பட்டா, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், உங்கள் பள்ளியில் வாங்கும் மாற்றுச் சான்றிதழ் என்று அவர்கள் வாழ்க்கையைத் திருப்பிவிடுகிற முடிவுகள் எல்லாம் ஒரு மேசையில்தான் எடுக்கப்படுகின்றன. அந்த மேசைக்குப் பின்னால் இருப்பவர் தன்னை நீதிபதி என்று நினைப்பதில்லை. நானும் நினைத்ததில்லை. அதனால் நான் செய்த ஒரு தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு தாலுகாவில் தலைமையிடத்துத் துணை வட்டாட்சியராக இருந்தேன். ஊர் பெயர் வேண்டாம். ஜூன் மாதம். பிளஸ் டூ முடிவு வந்த நேரம் தாலுகா அலுவலகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். செங்கல் சூளையில் வேலை செய்கிற ஒருவர் மகளோடு வந்தார். மகளுக்குச் செவிலியர் படிப்புக்கு விண்ணப்பிக்கச் சாதிச் சான்றிதழ் வேண்டும். அப்பாவிடம் அவருடைய சான்றிதழ் இல்லை. அவர் படித்ததே இல்லை. சொந்த ஊர் வேறு மாவட்டம். இங்கே வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது என்றார். நான் மனுவை வாங்கிப் பார்க்கவில்லை. நின்றுகொண்டிருந்தவரிடம், "உங்க சொந்த ஊர்லபோய் வாங்கிக்குங்க" என்றேன். "சரிங்க ஐயா" என்று போய்விட்டார்.

போனார். ஒரு நாள் கூலியும் பேருந்துக் காசும் செலவு. அங்கே இருந்தவர் என்னைப் போன்றவர்தான். "இப்ப எங்க குடியிருக்கீங்களோ அங்கதான் வாங்கணும்" என்று திருப்பி அனுப்பினார். மறுபடி என்னிடம் வந்தபோது நான் வெளியே முகாமில் இருந்தேன். அடுத்த தடவை வந்தபோது கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். விண்ணப்பத்துக்கான கடைசித் தேதி கடந்துவிட்டது.

ஒரு மாதம் கழித்து அந்தப் பெண் படித்த பள்ளியின் தலைமையாசிரியர் என்னைப் பார்க்க வந்தார். கதர்ச் சட்டை, கையில் ரெக்சின் பை. சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு மனுவை எடுத்து என் முன்னால் வைத்தார். "சார், சான்றிதழ் தர முடியாதுன்னா தர வேண்டாம். ஆனா தர முடியாதுன்னு இதுல எழுதி, என்ன காரணம்னு ஒரு வரி போட்டுக் கையெழுத்துப் போடுங்க. நாங்க மேல போய்க் கேட்டுக்கிறோம்" என்றார்.

நான் பேனாவை எடுத்தேன். எழுத முடியவில்லை. என்ன காரணம் எழுதுவது? மனுவை வாங்கி, விசாரித்து, சந்தேகம் இருந்தால் அவருடைய பழைய ஊர்த் தாலுகாவுக்கு நானே எழுதிக் கேட்க வேண்டும். அதுதான் என் வேலை. பேருந்து ஏற வேண்டியது என் கடிதம். நான் அந்த மனிதரை ஏற்றி அனுப்பியிருந்தேன். வாயால் சொன்னபோது சட்டம் போல ஒலித்த ஒன்று, எழுத உட்கார்ந்ததும் ஆவியாகிவிட்டது.

அதைவிட எனக்கு உறைத்தது வேறொன்று. தன்பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அந்தக் குடும்பத்தின் பெயரே அதில் இல்லை. மனு பெறப்படவில்லை, ஆகவே நிலுவையும் இல்லை, நிராகரிப்பும் இல்லை. அந்த மாத அறிக்கையில் எங்கள் அலுவலகம் சாதிச் சான்றிதழ் நிலுவை 'இன்மை' என்று அனுப்பியிருந்தது. அறிக்கையில் பொய் எதுவும் இல்லை. எங்கள் பதிவேட்டின்படி அந்தப் பெண்ணுக்கு யாரும் எதையும் மறுக்கவில்லை.

சான்றிதழை அந்த வாரமே விசாரித்துக் கொடுத்தோம். ஆனால் அந்த வருடம் அவள் மில் வேலைக்குப் போனாள். அடுத்த வருடம் பக்கத்து ஊர்க் கலைக் கல்லூரியில் சேர்ந்தாள் என்று தலைமையாசிரியர் சொன்னார். அவள் கேட்டது அதை அல்ல.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். இதை வேறொருவருக்கு விளக்குவது சிரமம். உங்களுக்கு எளிது. ஏனென்றால் 17(அ), 17(ஆ) என்று சொன்னாலே இந்த அறையில் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவீர்கள். (சிரிப்பு) ஓர் ஆசிரியருக்கு 17(ஆ) குறிப்பாணை வந்தால் என்ன கேட்கிறோம்? குற்றச்சாட்டு என்ன என்று எழுத்தில் கேட்கிறோம். எந்த ஆவணத்தின் அடிப்படையில் என்று கேட்கிறோம். பதில் சொல்ல அவகாசம் கேட்கிறோம். விசாரணை அலுவலர் நமக்கு வேண்டாதவராக இருந்தால் ஆட்சேபணை தெரிவிக்கிறோம். இறுதி ஆணையில் காரணம் இல்லையென்றால் மேல்முறையீடு செய்கிறோம். சட்டத்தில் இதற்கு இயற்கை நீதி என்று பெயர். நமக்கு ஓர் ஆண்டு ஊதிய உயர்வு நிற்கும் என்றால் இவ்வளவும் கேட்கிற நாம், ஒரு பிள்ளையின் படிப்பு நிற்கிற இடத்தில் அந்தப் பெற்றோருக்கு இதில் எத்தனை தருகிறோம்?

இந்திய நீதிமன்றங்கள் இதை நிர்வாக மேசை வரைக்கும் கொண்டுவந்து சேர்க்கக் கொஞ்சகாலம் எடுத்துக்கொண்டன. வழக்கு விசாரிப்பவர்தான் நியாயமாக நடக்க வேண்டும், நிர்வாக முடிவு எடுப்பவருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை என்ற எண்ணம் நெடுநாள் இருந்தது. 1969-இல் ஏ.கே. கிரைபாக் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சுவரை உடைத்தது. ஜம்மு காஷ்மீரில் வனத்துறை அலுவலர்களை இந்திய வனப் பணிக்குத் தேர்வு செய்த குழுவில், தற்காலிகத் தலைமை வனப் பாதுகாவலராக இருந்தவரும் ஓர் உறுப்பினர். வேடிக்கை என்னவென்றால் தேர்வுக்கு நின்றவர்களில் அவரும் ஒருவர். தன் பெயரைப் பரிசீலித்தபோது எழுந்து வெளியே போய்விட்டார். தன் போட்டியாளர்களின் பெயர்கள் வந்தபோது உள்ளே இருந்தார். தேர்வு செல்லாது என்றது நீதிமன்றம். நிர்வாக முடிவானாலும் நியாயமாக எடுக்கப்பட வேண்டும் என்பது அன்று நிலைபெற்றது.

அடுத்தது 1978-இல் மேனகா காந்தி வழக்கு. அவருடைய கடவுச்சீட்டை ஒப்படைக்கச் சொல்லி 1977-இல் கடிதம் வந்தது. காரணம் கேட்டார். பொதுநலன் கருதிக் காரணம் சொல்ல இயலாது என்று பதில் வந்தது. ஒருவரின் உரிமையைப் பறிக்கும் நடைமுறை நியாயமானதாக இருக்க வேண்டும், அவர் தரப்பைக் கேட்க வாய்ப்புத் தர வேண்டும் என்று ஏழு நீதிபதிகள் அமர்வு சொன்னது. அவர் பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவர், டெல்லிவரை போய்க் கேட்க முடிந்தது என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் அவரிடம் ஒன்று இருந்தது, செங்கல் சூளைக்காரரிடம் அது இல்லை. அவரிடம் கடிதம் இருந்தது. காரணம் சொல்ல மாட்டோம் என்றாவது எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

எழுதிய காகிதத்துக்கு இன்னொரு பலமும் உண்டு. மொகிந்தர் சிங் கில் என்ற தேர்தல் வழக்கில், ஓர் ஆணையை அதில் எழுதியிருக்கும் காரணங்களை வைத்துத்தான் எடைபோட வேண்டும், வழக்கு வந்த பிறகு புதுக் காரணங்களைச் சேர்த்து முட்டுக் கொடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வாய்மொழியாகச் சொன்ன காரணத்தை நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம். நான் மாற்றியிருப்பேன்.

இதெல்லாம் நீதிமன்றத் தீர்ப்பு, நமக்கெங்கே என்று நினைக்க வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை நாம் தகவல் கேட்கிற சட்டம் என்று மட்டும் நினைக்கிறோம். பிரிவு 4(1)(ஈ)-ஐ எடுத்துப் பாருங்கள். ஓர் அலுவலகம் எடுக்கும் நிர்வாக முடிவுக்கான காரணத்தை, அதனால் பாதிக்கப்படுகிறவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. யாரும் கேட்காமலே தெரிவிக்க வேண்டும். அதே சட்டத்தில் தகவல் தர மறுத்தால் காரணம், எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், யாரிடம் செய்ய வேண்டும் என்ற மூன்றையும் மறுப்புக் கடிதத்திலேயே எழுத வேண்டும். இன்னொரு அழகான இடம், எழுத முடியாதவர் வந்து வாயால் கேட்டால், அதை எழுத்தாக்கித் தர உதவ வேண்டியது பொதுத் தகவல் அலுவலரின் கடமை என்பது. ஒரு மறுப்புக் கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல மாதிரி இல்லை. எல்லா அலுவலகத்திலும் எல்லா மறுப்பும் இப்படி வந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

அரசியலமைப்பின் 350-ஆவது உறுப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் தன் குறையை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் எந்த அதிகாரியிடமும் எழுதிக் கொடுக்கலாம். 'பெறுநர்' எங்கே போடுவது, 'பொருள்' எங்கே போடுவது என்பதெல்லாம் நாம் பழக்கிய சடங்கு. மனு எழுதித் தருபவர் தாலுகா அலுவலக வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சம்பாதிப்பது அந்தச் சடங்கினால்தான். அவரை நான் குறை சொல்லவில்லை. எங்கள் அலுவலகத்துக்குள் இருந்த பலரைவிட அவர் நடைமுறை தெரிந்தவர்.

இனி நான் அதிகம் கோபப்படுகிற விஷயம். திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியரகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கிறது. நல்ல ஏற்பாடு. ஒரு பாட்டி நாலு மணிக்கு எழுந்து வந்து, தன் கிராம அலுவலர் உதவித்தொகைக்குப் பரிந்துரைக்க மறுக்கிறார் என்று மனு கொடுக்கிறார். ஒப்புகைச் சீட்டு கிடைக்கிறது. மனு கோட்டாட்சியருக்குப் போகிறது, அங்கிருந்து வட்டாட்சியருக்கு, அங்கிருந்து வருவாய் ஆய்வாளருக்கு. கடைசியில் யாரிடம் போகிறது? அதே கிராம அலுவலரிடம், 'விசாரித்து அறிக்கை அனுப்பவும்' என்ற குறிப்போடு. அவர் 'மனுதாரர் தகுதியற்றவர்' என்று எழுதுகிறார். அது அதே ஏணியில் மேலே ஏறுகிறது. மனு முடிவு செய்யப்பட்டது. கிரைபாக் வழக்கில் அந்த வன அலுவலர் தன் பெயர் வந்தபோதாவது எழுந்து வெளியே போனார். இங்கே வெளியே போகக்கூட ஆள் இல்லை.

இது வருவாய்த் துறையில் மட்டும் நடப்பதாகச் சொன்னால் நீங்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பீர்கள். ஒரு பெற்றோர் தலைமையாசிரியர் மேல் கல்வி அலுவலருக்கு எழுதுகிற புகார் யாரிடம் அறிக்கைக்கு வருகிறது? (சிரிப்பு) ஆமாம். அறிக்கை கேட்பது தவறில்லை. உங்கள் தரப்பைக் கேட்டாக வேண்டும். ஆனால் உங்கள் அறிக்கையையே தீர்ப்பாக எடுத்துக் கோப்பை மூடினால், புகார் கொடுத்தவர் தரப்பை எங்கே கேட்டோம்?

இப்போது மேசையும் மாறிவிட்டது. இ-சேவை மையத்தில் கணினி முன்னால் ஒரு தம்பி இருக்கிறார். ஒன்று நன்றாகியிருக்கிறது. விண்ணப்ப எண் இல்லாமல் மனு இல்லை. ஆகவே என் காலத்தைப் போலத் தடமில்லாமல் திருப்பி அனுப்புவது கடினம். ஆனால் நிராகரிப்பு குறுஞ்செய்தியாக வருகிறது. அது யாருடைய கைப்பேசிக்கு வருகிறது என்று பாருங்கள். அம்மாவிடம் கைப்பேசி இல்லையென்று பக்கத்து வீட்டு எண்ணைக் கொடுத்திருப்பார்கள். பார்த்தாலும் 'போதிய ஆவணம் இல்லை' என்பது போல இரண்டு சொல். எந்த ஆவணம்? ஆதாரில் முன்னெழுத்து ஒரு மாதிரி, குடும்ப அட்டையில் வேறு மாதிரி இருந்திருக்கும். அதை யாரும் சொல்வதில்லை. குடும்பம் மறுபடி பணம் கட்டி, அதே தாள்களோடு மறுபடி விண்ணப்பிக்கிறது. மறுபடி நிராகரிப்பு. அந்தத் திரையைப் படித்து, எந்த எழுத்து இடிக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் பல கிராமங்களில் ஆசிரியர்தான்.

தூரமும் நீதிதான். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலையில் திறக்கப்படும்வரை கன்னியாகுமரிக்காரர் ஓர் ஆணையை எதிர்த்து ரிட் மனு போட வேண்டுமென்றால் சென்னைக்குப் போக வேண்டும். ஆசிரியர்களின் பணி வழக்குகளை முன்பு விசாரித்த மாநில நிர்வாகத் தீர்ப்பாயம் கலைக்கப்பட்டபோது வழக்குகள் உயர் நீதிமன்றத்துக்குப் போனதை மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பீர்கள். செலவை நினைத்தே பாதிப் பேர் விட்டுவிடுவார்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே இலவச வழக்கறிஞர் கிடைக்கும். தீர்ப்பாயங்களில் நடக்கும் வழக்குகளுக்கும் இந்த உதவி உண்டு. உங்கள் தாலுகா நீதிமன்ற வளாகத்திலேயே வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. தொலைபேசி எண் 15100. பள்ளி அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள்.

உங்கள் மேசைக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளக் கூடாது.

'நாளைக்கு வாங்க' என்பதும் ஒரு மறுப்புதான். 'இடமில்லை' என்பதும், 'டி.சி. கொண்டு வந்தாத்தான் சேர்ப்போம்' என்பதும் மறுப்புதான். கல்வி உரிமைச் சட்டம், 2009 இங்கே வெகு தெளிவாக இருக்கிறது. எட்டாம் வகுப்பு முடியும்வரை, மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. கேட்டவுடன் மாற்றுச் சான்றிதழ் தராமல் தாமதிக்கும் தலைமையாசிரியர் மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம் என்று பிரிவு 5 சொல்கிறது. வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்க மறுக்கக் கூடாது என்கிறது பிரிவு 14. பிரிவு 32-ஐப் பலர் படிப்பதில்லை. குழந்தையின் உரிமை பற்றி யாரும் உள்ளூர் அதிகார அமைப்பிடம் எழுத்தில் புகார் தரலாம். இரு தரப்பையும் கேட்டு மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு. கேட்பது, கெடு, மேல்முறையீடு மூன்றும் ஒரே பிரிவில் இருக்கின்றன.

ஆனால் செங்கல் சூளையிலிருந்து பாதி வருடத்தில் வருகிற குடும்பம் பிரிவு 32-ஐத் தேடிப் போகாது. வாசலில் நின்று, நீங்கள் சொல்வதைக் கேட்டு, "சரிங்க சார்" என்று போய்விடும். உங்கள் வருகைப் பதிவேட்டில் அந்தப் பிள்ளையின் பெயர் இல்லாததால் அது இடைநின்ற குழந்தையும் ஆகாது. என் 'இன்மை' அறிக்கை மாதிரிதான்.

நான் கேட்பது ஒரு நோட்டு. நாற்பது பக்க நோட்டு போதும். சேர்க்கைக்கோ, சான்றிதழுக்கோ, பெயர்த் திருத்தத்துக்கோ வந்து, அன்று முடியாமல் திரும்பிப் போனவர்களின் பெயர், தேதி, என்ன கேட்டார்கள், ஏன் முடியவில்லை. அவ்வளவுதான். காரணத்தை எழுதும்போது பேனா நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள். துறை கேட்காத பதிவேடு இது. ஏற்கெனவே எத்தனை பதிவேடு எழுதுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் கட்டாயம் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. நான் வட்டாட்சியரான பிறகு என் மேசையில் அப்படி ஒன்று வைத்திருந்தேன். முதல் மாதம் அறுபதுக்கு மேல் பெயர்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரை நான் திருப்பி அனுப்பியிருக்கவே வேண்டியதில்லை என்று அந்த நோட்டைப் படித்தபோதுதான் தெரிந்தது.

பெற்றோர் உங்களிடம் வந்து "அங்க முடியாதுன்னுட்டாங்க சார்" என்று சொன்னால், கேட்க வேண்டிய முதல் கேள்வி, "மனு கொடுத்தீங்களா? சீட்டு இருக்கா?" என்பது. இல்லையென்றால் அரைத்தாளில் நீங்களே எழுதிக் கொடுத்து, இரண்டு பிரதியோடு அனுப்புங்கள். ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வரச் சொல்லுங்கள். வாங்க மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடத்தில் கடிதம் எழுதுவது சொல்லித் தருகிறோம் அல்லவா? ஆட்சியருக்குச் சாலை வசதி கேட்டு விண்ணப்பம் எழுதச் சொல்கிறோம். அதன் அடுத்த பாடத்தையும் சொல்லிக் கொடுக்கலாம். ஆட்சியர் முடியாது என்று பதில் அனுப்பினால், அந்தப் பதிலில் என்னென்ன இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்?

அந்தக் கதர்ச் சட்டைத் தலைமையாசிரியரை அதன் பிறகு இரண்டு முறை பார்த்தேன். இரண்டு முறையும் ரெக்சின் பையில் யாருடைய மனுவோ இருந்தது. இரண்டாம் முறை நானே பேனாவை எடுத்துவிட்டேன், அவர் கேட்பதற்கு முன்னால்.

ஒருங்கிணைப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். பின்வரிசையில் ஓர் அம்மா பிரிவு 32 சொன்னபோதே கை தூக்கினார்கள், அவர்கள் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். சொல்லுங்கள் அம்மா.